கடைசியா ஒருக்கா

போன மாரியில் ஒரு நாள் மாமாவின் போட் கரைக்கு வரவில்லை. காலை 7 மணிக்கே வந்திருக்க வேண்டியது. போனும் வேலை செய்யவில்லை. "11 மணி மட்டும் பாப்பம், வராட்டி சங்கத்துக்குச் சொல்லுவம்" எண்டா அம்மம்மா. அக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் அரை மணிக்கு ஒருக்கா திருக்கடலூர்க் கரைக்குப் போய்ப் போய் வந்தோம். 10.30க்குப் பார்த்துவிட்டு வந்து சாய்ந்தவர்கள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டோம். எழும்பினால் 11 தாண்டிவிட்டது. உடனே சங்கத்துக்கும், வெளியூரில் கம்ப்யூட்டர் படிக்கும் மாமாவின் மகனுக்கும் "காணேல்ல" எண்டு சொல்லிவிட்டோம். மச்சான் அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டார். மாமாவோ 10.45க்கே கரையேறி, பழுதான எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரவு வந்து சேர்ந்த மச்சான் எங்களைத் திட்டவில்லை. லெப்டொப்பைத் திறந்து லினக்ஸ் ட்ரைவர் ஒன்றைக் காட்டினார். (கலைப்பீடத்து ஆக்களுக்கு இது பெரிய தண்டனைதான்.)

ட்ரைவர் ஒரு கருவியிடம் வேலை கொடுத்தால், முடிந்ததா என்று அதன் ரெஜிஸ்டரைச் சில வேளை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிவரும். முடியவில்லையா, கொஞ்சம் தூங்கு, திரும்ப வாசி. கெடு தாண்டினால் பிழை என்று சொல். இந்த லூப்பை ஒவ்வொருவரும் தங்கள் பாட்டுக்குப் பத்து வரியில் எழுதி வந்தார்கள். பலர் விட்ட பிழை எங்களுடையதேதான். ப்ரொசெசர் வேறு வேலைக்குப் போய்விட்டால் தூக்கம் நினைத்ததைவிட நீளும். விழிக்கும்போது கெடு போயிருக்கும். கருவி எப்போதோ முடித்திருந்தாலும், பார்க்காமலே "டைம்அவுட்" என்று திருப்பி அனுப்பிவிடும்.

லினக்ஸ் கேர்னலில் இதற்கென்றே 'ரீட்எல்_போல்_டைம்அவுட்' என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. முகவரி, வாசித்ததை வைக்க ஒரு மாறி, நிபந்தனை, தூங்கும் நேரம், கெடு என்று ஐந்தைக் கொடுத்தால் போதும். நேரம் இரண்டும் மைக்ரோசெக்கனில். பத்து வரி ஒரு வரியாகிவிடும். மச்சானுக்கு அந்தச் சுருக்கம்தான் பிடித்திருந்தது. எங்களுக்குப் பிடித்தது உள்ளே இருந்த ஒரு சின்ன வரி: கெடு தாண்டியதும் ரெஜிஸ்டரை இன்னொரு தரம் வாசிக்கிறது, பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறது.

"அப்ப கரைக்கு இன்னொருக்கா ஓடியிருந்தா?" எண்டு கேட்டோம்.

"நான் பஸ் ஏறியிருக்க மாட்டன்" எண்டார் மச்சான்.

மாமி உள்ளே இருந்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டா.