மரத்தின் பிசினும் மங்கையர் மேனியும்

“இயற்கைப் பொருள்” என்று கேட்டதும் நம் மனம் எல்லா ஐயங்களையும் மறந்துவிடுகிறது. மரஞ்செடிகள் தருவது தீங்கு செய்யாது என நம்புகிறோம். தொட்டவுடன் தடிப்பை உண்டாக்கும் காஞ்சோன்றியும் இயற்கையின் படைப்பேயன்றோ?

பைன் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். அதனைக் காய்ச்சி வடிக்கும்போது டேர்ப்பன்டைன் தைலம் பிரிந்துவிட, எஞ்சி நிற்கும் மஞ்சட் கட்டியே ரோசின். கொலோபனி என்பதும் அதன் பெயரே. நன்றாக ஒட்டுவதும் நீரிற் கரையாமையும் அதன் சிறப்பியல்புகள். ஆதலால் உரோமம் அகற்றும் மெழுகுகளிலும், இமைமயிருக்குத் தீட்டும் சில மைகளிலும், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்களிலும் அது சேர்க்கப்படுகிறது. வயலின் வில்லுக்குத் தேய்ப்பதும் அதுவே.

என் பெறாமகள் ஒருத்தி வயலின் பயில்பவள். தன் திருமணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன், “சின்னம்மா, இது மரத்துப் பிசின்தானே, என்ன செய்துவிடும்?” என்று கூறி, கடையில் வாங்கிய மெழுகைக் கால்களிற் பூசினாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கால்கள் சிவந்து தடித்தன. மறுநாட் காலை சிறு கொப்புளங்கள் எழுந்தன. மணவறையிலே கூறைச்சேலை உராயுந்தோறும் அவள் முகம் வாடியதைக் கண்டு என் நெஞ்சம் துடித்தது.

பின்னர் தோல் வைத்திய நிபுணர் ஒருவர் ஐயத்துக்குரிய பொருள்களை அவள் முதுகில் ஒட்டி, இரு நாட்கள் வைத்துச் சோதித்தார். ரோசின் பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. சிறுவயதில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் அரித்ததற்கும், வில்லைத் தொடும் விரல்களில் இடையிடையே தடிப்புத் தோன்றியதற்கும் காரணம் அன்றுதான் விளங்கிற்று.

பிசினிலுள்ள அமிலங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் பொருள்களே இவ்வொவ்வாமைக்குப் பெரிதும் காரணமாகின்றன. அது உடனே தோன்றாது; ஒன்றிரண்டு நாட்கள் கழித்தே வெளிப்படும். எல்லோர்க்கும் வருவதன்று, வந்தவர்க்கோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

ஆதலின், சகோதரிகளே, பொருளின் உறையில் ரோசின், கொலோபோனியம் என்னும் சொற்கள் உள்ளனவா எனப் பாருங்கள். புதிய பூச்சு எதனையும் முழங்கையின் உட்புறத்திற் சிறிதளவு பூசி, மூன்று நாட்களாவது பொறுத்திருங்கள். பிளாஸ்டர் ஒட்டி அரிப்புக் கண்டவர்கள் முதலில் வைத்தியரை நாடுவதே நன்று. விசேட நாள் நெருங்கும்போது புதியதைப் பரீட்சிக்க வேண்டாம்.

என் பெறாமகள் வயலினைக் கைவிடவில்லை. ரோசின் கட்டியைத் துணியாற் சுற்றிப் பிடித்தே வில்லுக்குத் தேய்க்கிறாள். வாசித்து முடிந்ததும் கைகளைக் கழுவிக்கொள்கிறாள்.