90 கியாட் நோட்டு

மியான்மரின் யங்கோன் (பழைய ரங்கூன்) நகரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன; பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால், எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஓடிய வண்டிகளை 1970-இல் வலப்பக்கம் திருப்பியவர் ஜெனரல் நே வின். ஜோசியர் பேச்சைக் கேட்டு மாற்றினார் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

2019 டிசம்பரில் அப்படி எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனவர், சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த பயணி. அவருடைய பாட்டி பிறந்த ஊர் இது. நே வின் ஆட்சியில், 1964-இல், கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கைக்குழந்தையோடு பாட்டி கப்பலேறினார். அவரைப் போல வெளியேறிய இந்தியர்கள் லட்சக்கணக்கில்.

நே வின் தபால் குமாஸ்தாவாக இருந்தவர். 1941-இல் விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சானோடு ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் போர்ப்பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவர். விடுதலைக்குப் பிறகு ராணுவத் தலைமைக்கு வந்து, 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு ஜூலை 7-இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தது ராணுவம். ஆங் சான் தலைவராக இருந்த சங்கம் அது! தன் தோழனின் நினைவைக்கூட அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை.

போஜோக் சந்தையில் பழைய நோட்டுகளை விரித்து வைத்திருந்தார் ஒரு மூதாட்டி. 45 கியாட், 90 கியாட். இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது நே வின்னுக்கு ராசி எண். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை இழப்பீடே இல்லாமல் ஒழித்துவிட்டு இவற்றை அச்சடித்தார். 90 கியாட் நோட்டில் 1930 விவசாயிகள் கிளர்ச்சியின் தலைவர் சாயா சான் முகம். வந்தவர் தமிழர் என்று தெரிந்ததும் மூதாட்டி தமிழிலேயே பேசினார்: "கல்யாணத்துக்குச் சேர்த்த காசு, தம்பி. ராத்திரியோட ராத்திரியா காகிதமாப் போச்சு."

அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை. 1988 மார்ச்சில் தேநீர்க்கடைத் தகராறு ஒன்று மாணவர் போராட்டமாக மூண்டது. ஜூலையில் நே வின் பதவி விலகினார். ராணுவம் சுட்டால் குறி பார்த்துத்தான் சுடும் என்று பதவி விலகும் உரையிலேயே மிரட்டினார். ஆகஸ்ட் 8 அன்று நாடே தெருவில் இறங்கியது. செப்டம்பர் 18-இல் ராணுவம் மறுபடி ஆட்சியைக் கைப்பற்றியது. பலியானவர்கள் ஆயிரக்கணக்கில்.

நே வின் வளர்த்த ராணுவமே கடைசியில் அவரை இன்யா ஏரிக்கரை வீட்டில் காவலில் வைத்தது. 2002 டிசம்பர் 5-இல் இறந்தபோது அரசு மரியாதை இல்லை. அன்றே எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள்.

வாங்கி வந்த நோட்டைப் பயணி பாட்டியின் தகரப் பெட்டியில் வைத்தார். பதினான்கு மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. மறுநாள் இரவு யங்கோன் மக்கள் வீட்டுக்கு வீடு பாத்திரங்களைத் தட்டினார்கள். வியாசர்பாடியில் செல்போனை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.