ஒடுக்கத்துப் புதனும் ஒரு தூக்குப் பலகாரமும்

உண்பொருள்களுக்கென்று உலகில் இன்று தனித்தனி நாள்கள் ஏற்பட்டுவிட்டன. மே 21 தேநீருக்குரிய நாள். ஐக்கிய நாடுகள் அவை 2019இல் அதனை அறிவித்தது. பிப்ரவரி 10 பருப்பு வகைகளின் நாள். மார்ச் 30 இட்லியின் நாள். இது 2015இல் நம் சென்னையிலிருந்தே தொடங்கிய வழக்கம். அமெரிக்கர்களோ உருளைக்கிழங்கு வறுவலுக்குங்கூட ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கின்றனர். என் பேத்தி இந்தப் பட்டியலைக் கைப்பேசியில் பார்த்துப் படித்துக் காட்டுவாள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டு அடுப்படியில் ஏதேனும் ஒன்று பொரியும்.

இந்நாள்களில் கடமையும் இல்லை, சடங்கும் இல்லை. வீட்டில் செய்ததைக் கூடித் தின்று மகிழ அவை ஒரு சாக்கு, அவ்வளவே. இவற்றை வீண் விளையாட்டென்று ஒதுக்கும் பெரியவர்கள் உளர். எனக்கு அவ்வாறு ஒதுக்க மனம் வருவதில்லை. ஏனெனில், இத்தகைய நாள் ஒன்று நம்மிடமே இருந்தது; நாம் அதனை இழந்துவிட்டோம். ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையாகிய ஒடுக்கத்துப் புதனையே சொல்கிறேன்.

வெள்ளாற்றின் தென்கரையிலுள்ள லப்பைக்குடிகாடு என் பிறந்தகம். ஜெயங்கொண்டத்தின் பக்கம் என் புகுந்தகம். இன்று முன்னது பெரம்பலூர் மாவட்டம், பின்னது அரியலூர் மாவட்டம். என் இளமையில் இரண்டும் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஊர் ஆண்களில் பலர் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் பிழைத்தனர்; பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். என் அத்தாவும் மலேயாவில்தான் இருந்தார். ஆண்டுக்கணக்கில் கணவர் முகம் காணாத பெண்கள் தெருவெங்கும் இருந்தனர். அவர்களுக்கு வீடே உலகம். உறவினர் வீட்டுத் திருமணமும் மரணமுமே வெளியே செல்லும் வாய்ப்புகள். இவை இரண்டும் அல்லாத ஒரு காரணத்துக்காக அவர்கள் வெளியே போன நாள், ஆண்டில் அந்த ஒரு புதன்கிழமைதான்.

அன்று அஸருக்கு முன்பே தூக்குவாளிகள் நிறைந்துவிடும். பெண்களும் பிள்ளைகளும் ஆற்று மணலுக்கும், அருகிலுள்ள தோப்புகளுக்கும் போவோம். வெள்ளாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும். எங்களுக்கு அதுவே போதும். சிறுமியர் மூன்று கல் கூட்டி, ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். பெரியவர்கள் தத்தம் தூக்கைத் திறந்து, தான் செய்ததைப் பிறருக்குக் கொடுத்து, பிறர் செய்ததைத் தாம் உண்பர். தன் தூக்கிலிருந்து தானே எடுத்து உண்பது அன்று மரியாதைக் குறைவு.

இவ்வழக்கம் நம் பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. வடபுலத்து முஸ்லிம்கள் இந்நாளை 'ஆகிரி சஹார் ஷம்பா' என்பர். 1832இல் லண்டனில் வெளிவந்த 'கானூனே இஸ்லாம்' என்னும் நூல், தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களைக் கூறுமிடத்து, இந்நாளில் தோட்டங்களுக்குச் சென்று புல்தரையில் உலாவுவதையும், பலகாரம் செய்வதையும் குறிப்பிடுகிறது. மலாய் நாட்டில் கடற்கரைக்குச் சென்று நீராடும் 'மண்டி ஸபர்' என்னும் வழக்கம் இருந்தது. அத்தா அதனைத் தம் கடிதத்தில் எழுதியிருந்தார். கடலுக்கு அப்பாலும் இதே நாளில் சோறு கட்டிக்கொண்டு போகின்றார்கள் என்றறிந்து அம்மா அடைந்த வியப்பு எனக்கு நினைவிருக்கிறது.

இந்த உலாவுக்குப் பின்னால் ஒரு தவறான நம்பிக்கையும் இருந்தது. ஸபர் பீடை மாதம் என்றும், அந்தப் புதனன்று துன்பங்கள் இறங்குகின்றன என்றும் சொல்லி, மாவிலையிலோ பீங்கான் தட்டிலோ எழுதிக் கரைத்துக் குடித்தார்கள். மார்க்க அறிஞர்கள் இதனைக் கண்டித்தனர். ஸபரில் பீடை இல்லை என்பதே நபிமொழி காட்டும் வழி. ஆதலால் கண்டித்தது முற்றிலும் சரியே. பீடை போயிற்று, மகிழ்ச்சியே. ஆனால், பீடையோடு தூக்குவாளியும் போய்விட்டது. ஆற்று மணலும் போய்விட்டது. பெண்கள் மீண்டும் வீட்டுக்குள் அமர்ந்தனர். நம்பிக்கையைக் களைந்தவர்கள், அந்த மாலைப்பொழுதுக்கு ஈடாக வேறொரு மாலைப்பொழுதைப் பெண்களுக்குக் கொடுத்தார்களா என்று எவரும் கேட்கவில்லை. நெல்லுக்குள் இருந்த களையைப் பறித்தபோது நெல்லும் சேர்ந்து வந்துவிட்டது.

ஆற்றங்கரைக்குச் செல்வதற்கு ஸபரும் வேண்டாம், புதனும் வேண்டாம் என்பதே என் எண்ணம். சில ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தார், பிள்ளைகளுக்கு வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்து, ஆளுக்கொரு தூக்கோடு செல்கிறோம். அந்த நாளுக்குப் பெயர் இல்லை; பலன் இல்லை; நேர்ச்சை இல்லை. பேத்தி அதற்குத் 'தூக்கு நாள்' என்று பெயரிட்டிருக்கிறாள். இட்லிக்கு ஒரு நாள் இருக்கும்போது தூக்குவாளிக்கு ஒன்று இருக்கலாகாதா என்பது அவள் வாதம்.

தூக்கில் வைக்கும் பலகாரத்துக்குச் சில இலக்கணங்கள் உண்டு. குழம்பு கூடாது, கையால் எடுத்து உண்ணத்தக்கதாக இருக்கவேண்டும், மாலைவரை சுவை மாறலாகாது, அந்தந்த ஊரில் விளைவதை ஒட்டி அமையவேண்டும். பெரம்பலூர்ச் சீமை மானாவாரிக் கரிசல். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மண். செட்டிகுளத்தின் பக்கம் வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமிப்பர். ஆகவே, எங்கள் தூக்கில் வெங்காய அடைக்கே முதலிடம். சின்ன வெங்காயத்தை நறுக்கி, முருங்கைக்கீரையும் சிறிது சீரகமும் சேர்த்து வதக்கி, கம்பு மாவில் கொட்டிப் பிசையவேண்டும். கோதுமைக்குள்ள பசைத்தன்மை கம்புக்கு இல்லை. ஆதலால் கொதிநீர் விட்டுப் பிசைதல் அவசியம்; இல்லையேல் தட்டும்போது விளிம்பு வெடித்துவிடும்.

அடுத்தது கோலா உருண்டை. கால் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலும், பத்துச் சின்ன வெங்காயமும், சோம்பு, கசகசா, மிளகாய், இஞ்சி, பூண்டும் போதும். கறியை முதலில் வாணலியில் இட்டு நீர் சுண்டும்வரை வதக்கி, ஆறவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் அரைத்து, பொட்டுக்கடலை மாவு கலந்து உருட்டவேண்டும். எண்ணெயில் உருண்டை உடைவதற்குக் காரணம் கறியில் தங்கிய நீரே. அந்த நீரை உறிஞ்சுவதற்காகவே பொட்டுக்கடலை மாவு சேர்க்கிறோம்.

சோமாசு பிள்ளைகளுக்குரியது. பொட்டுக்கடலைப் பொடி, சர்க்கரை, ஏலம், வறுத்த தேங்காய்த் துருவல் ஆகியவற்றை உள்ளே வைத்து, மைதா மாவை அப்பளம்போல் தேய்த்து மடித்துப் பொரிப்போம். தேங்காயை ஈரம் போகும்வரை வறுத்தால் பல நாள் கெடாது. விமானம் ஏறிச் செல்லும் பிள்ளைகளின் பெட்டியில் சோமாசு தவறாமல் இடம்பெறுவது இதனால்தான். ஓரத்தைக் கரண்டியால் வெட்டுவோர் வெட்டட்டும். என் நன்னி கையாலேயே முறுக்கி மடிப்பார். மடிப்பைப் பார்த்தே இன்னார் வீட்டுச் சோமாசு என்று சொல்லிவிடலாம்.

புகுந்தகத்தில் நான் கண்டது முந்திரி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களில் கோடையில் முந்திரிக்காடுகள் பழுத்து மணக்கும். அங்குள்ள தூக்கில் மிளகும் உப்பும் தூவி நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பு இருக்கும். அதை வாயில் போடும்போது ஒன்றை நினைக்கவேண்டும். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்க வல்லது. கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைக்கும் பெண்களின் விரல்களைக் கண்டவர்கள் ஒரு பருப்பைக்கூட வீணாக்கமாட்டார்கள்.

எங்கள் தூக்கு நாளுக்கு நாங்களே வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று. முதலாவது, அன்றைய பலகாரத்தைப் பெண்கள் மட்டும் செய்யக்கூடாது. பெண்களுக்கு ஓய்வு தரவந்த நாள் அவர்களை விடியற்காலையில் அடுப்பின் முன் நிறுத்துமாயின் அது யாருக்கு விடுமுறை? உருண்டை உருட்டுவதும் வெங்காயம் உரிப்பதும் ஆண்மக்களின் பங்கு. இரண்டாவது, பழைய மரியாதையை விடலாகாது: தன் தூக்கைத் தான் உண்ணக்கூடாது. மூன்றாவது, ஒரு தூக்கு வெளியாருக்கு. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்ணும் சகோதர சமயத்தார் எங்களுக்கும் ஓர் இலை நீட்டாமல் இருந்ததில்லை. அந்தக் கடன் வட்டியோடு திரும்பவேண்டும்; கரையில் ஆடு மேய்ப்பவரும் அன்று எங்கள் விருந்தினரே.

கடையில் கிடைக்காத பலகாரம் இன்று எதுவும் இல்லை. பொட்டலமாகவே வாங்கிச் சென்றால் என்ன என்று மருமகன் ஒருமுறை கேட்டார். வாங்கிச் செல்லலாம், தவறில்லை. ஆனால் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது விலை தெரியும். தூக்கைத் திறந்து கொடுக்கும்போது கை தெரியும். உப்புக் கூடியிருந்தால் கேலி செய்யவும், பதம் அமைந்திருந்தால் பக்குவம் கேட்கவும் இடம் உண்டு. அந்தப் பேச்சுக்காகத்தான் தலைக்கு ஒரு தூக்கு.

தாய்மார்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரிக்கரையோ தோப்போ இருக்கும். நாள்காட்டியில் எந்த நாள் எந்தத் தின்பண்டத்துக்கு உரியது என்று தேட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம், அவர் கடைசியாகக் காரணமின்றி வெளியே சென்று உண்டது எப்போது என்று கேளுங்கள். அவர் விடை சொல்லத் தயங்கினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தூக்குவாளியைத் துலக்கி வையுங்கள்.