கதவு இடைவெளி

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார். இங்கிலாந்தில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கினால் இல்லை. லோட்டஸ் செவன் அப்படித்தான் பல வீட்டுக் கராஜ்களுக்குள் வந்தது. 1973இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. அப்பா ஏழு வருடமாகப் பூட்டியது. பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வலது கை எதையும் இறுக்கிப் பிடிக்காது. மிச்சம் இருந்தது இரண்டு கதவுகள்தான். "வித்துப்போடுவம்" என்றார். "நான் செய்யிறன், நீங்கள் சொல்லித் தாங்கோ" என்றேன்.

இடது கதவின் பின்பக்க இடைவெளி மேலே 11 மில்லிமீற்றர், கீழே 3. எனக்கு உடனே பட்டி பூசி அடைக்கலாம் என்றுதான் தோன்றியது. அப்பா கதவைப் பார்க்கவே இல்லை. "முதல்ல சில்லு நிலத்தில நிக்கட்டும்" என்றார். காரைத் தாங்கிகளில் தூக்கி வைத்தால் சட்டகம் கொஞ்சம் வளையும். அதன் மேலிருக்கும் ஃபைபர்கிளாஸ் உடலும் கூடவே வளையும். அந்த நிலையில் எடுக்கும் அளவு பொய்.

காரை இறக்கினோம். உடலைச் சட்டகத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தாழ்ந்திருந்த இடத்தில் மெல்லிய தகடு வைத்து மீண்டும் இறுக்கினோம். கதவைச் சுற்றி வரும் றப்பரையும் பூட்டினோம். அது கதவை வெளியே தள்ளும் என்பதால் அதையும் வைத்துத்தான் அளக்க வேண்டும். பிறகு பிணைச்சலில் வாஷர் போட்டுக் கதவை நிமிர்த்தினோம். மேலே 7, கீழே 5. இன்னும் ஒரு துளி ரெசின்கூடத் தொடவில்லை.

மிச்ச 2 மில்லிமீற்றர் ஃபைபர்கிளாஸின் குணம். பொலியெஸ்ரர் ரெசின் இறுகும்போது சுருங்கும்; வேறு வேறு அச்சில் வார்த்த கதவும் உடலும் அச்சொட்டாகப் பொருந்தாது. அதற்கும் வெறும் பட்டி போதாது. கதவை நாலு தரம் அடித்துச் சாத்தினால் விளிம்பு உடைந்து விழும். மேல்பூச்சை நார் தெரியும்வரை தேய்த்து, கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் தோய்த்து விளிம்பில் ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பார்சல் டேப் ஒட்டினால் அங்கே பிடிக்காது. இறுகியதும், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நழுவும்வரை தேய்ப்பது. முகமூடி, கண்ணாடி, கையுறை, நீளக்கை உடுப்பு கட்டாயம். அந்தத் தூசு தோலில் பட்டால் இரவு முழுக்கக் கடிக்கும்.

குளிரில் ரெசின் ஒழுங்காக இறுகாது. அதனால் 20 பாகை வரும் நாளுக்காகக் காத்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன், இதெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று. "காரைநகரில" என்றார். சின்ன வயதில் கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுபவர்களுக்கு ரெசின் கலக்கிக் கொடுத்தாராம். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

தேய்த்து முடிந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரலை விளிம்பில் ஓட்டினார். மூன்று இடத்தில் நிறுத்தினார். என் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. பலகைத் துண்டை விட்டுப் பார்த்தேன், மூன்றிலும் இறுகியது.

உங்களிடமும் இப்படி ஒரு கதவு இருந்தால், பட்டி டப்பாவைத் திறக்க முன் கீழே குனிந்து பாருங்கள். இடைவெளி தெரிகிற இடம் ஒன்று, பிழை இருக்கிற இடம் வேறு.

வலது கதவு இந்த மாதம். விற்கிற கதையை அப்பா இப்போது எடுப்பதில்லை.