திரையிற் கண்ட கரும்புள்ளி

மடிக்கணினியின் திரையிலே கரும்புள்ளியொன்று தோன்றுமாயின், அதனை உடையார் செய்வன பெரும்பாலும் இரண்டே. முதலிற் கட்டைவிரலால் அதனை அழுத்தித் தேய்ப்பர். தேய்த்தும் போகாமையாற் கடைத்தெருவிற்கு ஓடுவர். தேய்த்தல் தீங்கு, ஓடுதல் செலவு. இவ்விரண்டிற்கும் இடையே செய்யத்தக்க காரியங்கள் சில உள. அவற்றிற்குக் காற்காசும் வேண்டுவதில்லை. அரைமணி நேரமும் சிறிது பொறுமையுமே வேண்டும். சில ஆண்டுகளாக மாணாக்கர் பலர் தத்தம் கணினிகளை எம்மிடம் கொணர்ந்து காட்டி வருகின்றமையின், யாம் பார்த்தும் பழகியும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

புள்ளியைப் போக்குவது எப்படி என்பதே யாவரும் கேட்கும் கேள்வி. அப்புள்ளி எங்கே இருக்கின்றது என்பதே முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி. ஏனெனில் திரை என்பது ஒற்றைக் கண்ணாடியன்று. சில மில்லிமீட்டர் கனமேயுள்ள அப்பலகைக்குள் அடுக்கின்மேல் அடுக்காகப் பல பொருள்கள் அமைந்துள்ளன. அடியோரத்தில் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் ஒரு வரிசையாக நிற்கும். அவற்றின் ஒளி, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் பலகையின் விளிம்பிற் புகுந்து, முகப்பை நோக்கித் திருப்பப்படும். அப்பலகையின்மேல் ஒளியை எங்கும் ஒருசீராகப் பரப்பும் தாள்கள் சில கிடக்கும். அதற்கும் மேலே, ஒரு திசையில் அதிரும் ஒளியை மாத்திரம் செல்லவிடும் படலம் ஒன்று. பிறகு மெல்லிய கண்ணாடி. பிறகு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே ஆழமுள்ள திரவப் படிகம். பிறகு நிறவடிகட்டிகள் பதித்த மற்றொரு கண்ணாடி. இறுதியாக, முதற் படலத்திற்குக் குறுக்காக வைத்த இரண்டாம் படலம். இடையிலுள்ள திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிக் கொடுத்தாலன்றி, ஒளி வெளியேற வழியில்லை. வயலுக்கு நீர்விடும் மடையைத் திறந்தும் அடைத்தும் வைப்பதுபோல, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு டிரான்சிஸ்டர் இருந்து இதனை ஆள்கின்றது. கிடையாக 1920, நெடுக்காக 1080 எனப் பிக்ஸல்கள் அமைந்த திரையில் மொத்தம் 20,73,600 பிக்ஸல்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மடைகள். ஆகவே 62,20,800 மடைகள். இத்தனையும் ஒருங்கே பழுதின்றி வேலை செய்வதே வியப்பு. ஒன்றிரண்டு அடைபட்டு நிற்பது வியப்பன்று.

இத்திரவப் படிகம் கண்டறியப்பட்ட வரலாறும் சுவையுடையது. 1888-ஆம் ஆண்டிலே பிராக் நகரில் பிரெடெரிக் ரைனிட்சர் என்னும் தாவர நூலார், காரட் கிழங்கினின்று பெற்ற ஒரு பொருளை ஆராய்ந்தபோது, அஃது 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கலாகவும், 178.5 பாகையில் மீண்டும் ஒருமுறை உருகியதுபோலத் தெளிவாகவும் ஆயிற்று. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று ஐயுற்ற அவர், ஆட்டோ லேமன் என்னும் பௌதிக நூலாருக்கு எழுதினார். அவ்விருவர் ஆராய்ச்சியினின்று தோன்றியதே இத்துறை. நம் நாட்டுப் பங்கும் இதில் உண்டு. பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர் என்பாரும் அவர்தம் உடனாளரும், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் அமையும் என்பதை 1977-இல் வெளியிட்டனர். பக்கவாட்டிற் காண்பார்க்கும் படம் கெடாதிருக்கத் திரைகளில் ஒட்டப்படும் படலங்கள் சிலவற்றில் அவ்வகைப் பொருளே பயன்பட்டது.

நிற்க. தமிழிலக்கியம் பயிலும் மாணவி ஒருவர், ஓலைச்சுவடி ஒன்றின் நிழற்படங்களைத் தம் மடிக்கணினியிற் பார்த்துப் படியெடுத்து வந்தார். மூன்று வாரத்தில் ஆய்வேட்டைத் தரவேண்டும். சுவடி எழுதினோர் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடார் என்பது யாவரும் அறிந்ததே. மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்போரே இடம் நோக்கித் துணிதல் வேண்டும். அத்தகைய ஏட்டிலே ஓர் எழுத்தின் தலைமேல் கரும்புள்ளியொன்று தெளிவாக நின்றதாம். செல்லரித்த துளையோ, பிற்காலத்தார் இட்ட புள்ளியோ என்று ஐயுற்றார். பிறகு படத்தைச் சிறிது மேலே நகர்த்தினார். எழுத்து நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. "ஐயா, இஃது ஏட்டிலுள்ளதன்று, எந்த எழுத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது" என்றார். கடைத்தெருவில் ஒருவர் கணினியைத் திறந்தும் பாராமலே, டிஸ்பிளே போய்விட்டது, மாற்றுவதற்கு எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். மாணவியின் தந்தையார் உப்பளத்தில் கூலிவேலை செய்பவர். கணினியே தவணையில் வாங்கியது. மாதத் தவணை இன்னும் முடிந்தபாடில்லை.

அதனை மேசைமேல் வைத்து முறையாகச் சோதித்தோம். முதலிற் கணினியை அணைத்து, காய்ச்சி வடித்த நீரில் மிகச் சிறிதே நனைத்த மென்றுணியால் திரையை அழுத்தாமல் துடைத்தோம். புள்ளி நீங்கவில்லை. அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதனைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தோம். கைப்பேசியில் புள்ளி இல்லை. ஆகவே படத்தில் குற்றமில்லை. பிறகு ஹெச்.டி.எம்.ஐ. கம்பியால் வேறொரு மானிட்டரை இணைத்தோம். அதிலும் புள்ளி இல்லை. ஆகவே படத்தை ஆக்கும் உறுப்புக்களிலும் குற்றமில்லை. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, விண்டோஸ் தோன்றுமுன் வரும் முதற்பக்கத்திலேயே புள்ளி நின்றது. எனவே மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றும் வீண்வேலை இதற்கு உதவாது. அதன்பின் திரை முழுவதையும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என ஒவ்வொரு நிறமாக நிரப்பினோம். ஒரு நிறத்தில் மாத்திரம் புள்ளி கறுத்திருந்தால், அந்நிறத்துக்குரிய மடை ஒன்றே அடைபட்டதென்று கொள்ளலாம். இங்கே நான்கிலும் ஒரேவகையாக மங்கியிருந்தது.

இனிச் செய்ததே முக்கியமான சோதனை. இரயிலிற் செல்லுங்கால் அண்மையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓட, வானத்து நிலவு நம்முடன் வருவதைக் கண்டிருப்போம். அதே நியாயம் திரைக்குள்ளும் செல்லும். பூதக்கண்ணாடி கொண்டு புள்ளியையும் அதனருகிலுள்ள ஓர் எழுத்தின் விளிம்பையும் சேர்த்து நோக்கி, தலையை வலப்பக்கம் நகர்த்துக. புள்ளி எழுத்தோடு ஒட்டியே நிற்குமாயின், அது படிகத்திலேயே உள்ளது. இடப்பக்கம் விலகுவதுபோலத் தோன்றுமாயின், அது முகப்பில் உள்ளது. நம்முடன் வலப்பக்கம் வருவதுபோலத் தோன்றுமாயின், படிகத்திற்குப் பின்னே, ஒளித்தாள்களினிடையே உள்ளது. 15.6 அங்குலத் திரையில் ஒரு பிக்ஸலின் அகலம் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டரே ஆதலால், இந்நுண்ணிய விலக்கமும் கண்ணுக்குப் புலனாகும். மாணவியின் புள்ளி எம்முடன் வந்தது. அதுவுமன்றி, இறந்த பிக்ஸல் கட்டம்போல் நேர்விளிம்புடன் தோன்றும். இதுவோ ஓரம் மங்கிய வட்டமாய், நான்கைந்து பிக்ஸல் அகலத்திற்குப் பரந்திருந்தது. கண்ணாடியில் கீறலில்லை, அழுத்திய தடமில்லை. ஒளித்தாள்களினிடையே சிக்கிய துகளே அஃது என்று துணிந்தோம்.

அத்துகளை எடுத்துவிடலாமன்றோ என்று அருகிருந்த மாணவரொருவர் ஆவலுடன் திருப்புளியைத் தேடினார். யாம் உடன்படவில்லை. அடுக்குகளைப் பிரித்தால், ஒரு தூசியை எடுக்கப்போய் ஒன்பது தூசிகளைக் குடியேற்றுவோம். மேலும், வாங்கிய சீட்டை வருவித்து நோக்கியபோது, ஓராண்டு வாரண்டி முடிய இன்னும் இருபத்தாறு நாட்கள் இருந்தன. பிரித்த திரைக்கு வாரண்டி ஏது? புள்ளியை நால்வகை நிறப் பின்னணியிலும் படமெடுத்து, அது பிக்ஸல் குறையன்று, உள்ளே புகுந்த துகள் என்பதனை ஒரு பக்கத்தில் எழுதி, அதற்குரிய சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். அவ்வாறு பிரித்துரைத்தது வீம்பினாலன்று. இறந்த பிக்ஸல் ஒன்றிரண்டிற்காகத் திரையை மாற்றித்தர உற்பத்தியாளர் பொதுவாக உடன்படார். 2001-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் அளவுமுறையின் இரண்டாம் வகுப்பிலே, பத்து இலட்சம் பிக்ஸல்களுக்கு என்றும் ஒளிரும் பிக்ஸல் 2, என்றும் இருண்ட பிக்ஸல் 2 வரை இருக்கலாமென்று வகுத்திருந்தனர். 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241-307 அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும் சில குறைகளைப் பொறுத்தல் வேண்டும் என்னும் வழக்கம் மாறவில்லை. துகளோ அவ்வரம்பிற்குள் வாராது. ஒன்பதாம் நாள் வேறு திரையிட்டுக் கட்டணமின்றி அனுப்பினர். அதுவரையிலும் மாணவி நூல்நிலையத்து மானிட்டரில் சுவடியைப் பார்த்து எழுதினார்.

எல்லாப் புள்ளிகளும் இவ்வாறு நல்லபடியாக முடிவதில்லை. கறுப்பு அல்லது கருநீல மை சிந்தியதுபோன்ற கறை தோன்றி, நாளுக்கு நாள் பரவுமாயின், உட்கண்ணாடி விரிசலுற்றதென்று அறிக. அதற்கு மருந்தில்லை, திரையை மாற்றுதலொன்றே வழி. விசைப்பலகையின்மேல் பேனாவையோ காதொலிக் கருவியையோ மறந்து வைத்து மூடியதனால் இவ்விபத்து நேர்வதே மிகுதி. கேமராவை மறைக்க ஒட்டும் சிறு மூடியாலும் திரை உடையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2020-இல் தன் மாக்புக் கணினிகளைக் குறித்து எச்சரித்தது. தடித்த நூல்களோடும் சார்ஜரோடும் ஒரே பையில் நெருக்கித் திணிப்பதனால் உண்டாகும் மங்கலான தழும்புகளும் பெரும்பாலும் மாறா. திரையின் கீழோரத்தில் விசிறிபோல் நிழல் விரிந்தால், விளக்குகளிற் சில அணைந்தன என்பது பொருள். திரை முழுதும் இருண்டு, டார்ச் ஒளியைச் சாய்த்துக் காட்டும்போது படம் மங்கலாய்த் தெரிந்தாலும் குற்றம் விளக்கிலோ அதற்கு மின்சாரம் செல்லும் வழியிலோ உள்ளதேயன்றிப் படிகத்தில் இல்லை.

என்றும் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிர்ந்து நிற்கும் பிக்ஸல் வேறு. அது மடை திறந்தபடியே நின்றுவிட்டது. நிறங்களை அவ்விடத்தில் விரைந்து மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளை அரைமணி நேரம் ஓடவிட்டால் சிலபோது அது சரியாவதுண்டு. அத்துடிப்பொளியை யாரும் உற்று நோக்கலாகாது. வலிப்பு நோயுடையார் அருகிலும் இருத்தலாகாது. இருண்டு கிடக்கும் பிக்ஸலுக்கு இம்முறை பெரும்பாலும் பயன்படுவதில்லை. துணி சுற்றிய பென்சிலால் அழுத்தினால் போய்விடும் என்று சிலர் கூறுவர். அழுத்திப் பிழைத்த திரையை யாம் கண்டதில்லை. அழுத்திக் கெட்டவற்றைக் கண்டிருக்கின்றோம்.

வாரண்டி கடந்து, திரையை மாற்றியே தீரவேண்டுமென்றால், கணினியின் பெயரை மாத்திரம் சொல்லிப் புதுத்திரை வாங்குதல் கூடாது. ஒரே பெயருள்ள கணினியில் வெவ்வேறு திரைகள் இடப்பட்டிருக்கும். பழைய திரையின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணைப் படித்து, இணைப்பு முனை 30 ஊசியா 40 ஊசியா என்று எண்ணி, அதற்கு ஒத்ததையே கேட்க. வேலை தொடங்குமுன் மின்கம்பியை நீக்குவதோடு பேட்டரியின் இணைப்பையும் கழற்றுதல் வேண்டும். புதுத்திரையைப் பொருத்திச் சட்டத்தை ஒட்டுமுன், ஒருமுறை இயக்கி வெள்ளை நிறத்தை நிரப்பிப் பார்த்துவிடுக. ஒட்டியபின் கண்ட குறையைக் கடைக்காரர் ஏற்கமாட்டார். 2010-க்கு முற்பட்ட கணினிகள் பலவற்றில் எல்.இ.டி. இன்றிப் பாதரசம் கொண்ட மெல்லிய குழல் விளக்கும், அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் தரும் சிறு பலகையும் இருக்கும். அவற்றைப் பழகாதவர் தொடாதிருப்பதே நலம்.

ஓஎல்இடி என்னும் புதுவகைத் திரைகளுக்கு இங்கே கூறிய யாவும் பொருந்தா. அவற்றிற்குப் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. நெடுநாள் ஒரே படத்தைக் காட்டிய இடம் தேய்ந்து, அப்படத்தின் வடிவமாகவே மங்கி நிற்கும். ஈரம் உட்புகுந்தாலோ கரும்புள்ளி தோன்றி வளரும். இவ்வகைக் கணினிகள் எம்மிடம் வந்தவை இதுவரை இரண்டே. ஒன்றின் அடியோரத்தில், நாள்தோறும் நிற்கும் டாஸ்க்பாரின் சின்னங்கள் வரிசையாகத் தேய்ந்திருந்தன. மற்றொன்றில் இருந்தது குழந்தை சிந்திய பாகு; துடைத்ததும் போயிற்று.