சனிக்கிழமைச் சண்டை

மனிதனுக்கு ஒரு பைத்தியமாவது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சிலருக்குச் சங்கீதம், சிலருக்குச் சீட்டாட்டம். எனக்கு வாய்த்தது ‘டாக்டர் ஹூ’ என்ற ஆங்கில டெலிவிஷன் தொடர். குழந்தைகள் பார்ப்பதற்கு ஒரு நாவலாசிரியன் அடிமையா என்று சிரிக்காதீர்கள். ஐம்பது வருஷமாக அடிமைதான்.

1975-இல் வேலைக்காக இங்கிலாந்து போய், லீட்ஸ் நகரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். பேச ஆள் கிடையாது. ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கார அம்மையாரின் பிள்ளை கதவைத் தட்டி, “டெலிவிஷன் பார்க்க வருகிறீர்களா?” என்றார். அவருக்கு வயது பத்தொன்பது. போனேன். கழுத்திலிருந்து தரை வரை மப்ளர் தொங்க, டாம் பேக்கர் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு நீலப் பெட்டி. வெளியே பார்த்தால் ஓர் ஆள் நிற்கும் அளவு, உள்ளே போனால் மாளிகை. அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் போகலாம். ஒற்றை அறையில் முடங்கிக் கிடந்தவனுக்கு வேறு என்ன வேண்டும்? 1963 நவம்பர் 23-ஆம் தேதி ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்று தெரிந்ததும், எனக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்றே நினைத்துக்கொண்டேன்.

அன்று தொடங்கியது எங்கள் சிநேகம், கூடவே சண்டையும். டாம் பேக்கர்தான் டாக்டர் என்பேன் நான். பாட்ரிக் ட்ரௌட்டனை அறியாதவர் பேசக் கூடாது என்பார் அவர்.

1966-இல், முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல் நலிந்து விலகினார். உருவம் மாறினாலும் டாக்டர் அவரேதான் என்று கதை கட்டி, ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிதல்ல. அங்கே பலருக்கு ஜீரணமாகவில்லை. சிநேகிதர் அலமாரியிலிருந்து ஒரு டேப்பை எடுத்துப் போட்டார். பத்து வயதில், டெலிவிஷன் முன்னால் மைக்கை வைத்து அவர் பதிந்த ட்ரௌட்டனின் முதல் கதை. நடுவே ஒரு கனத்த குரல்: “இந்த ஆள் டாக்டரே இல்லை!” நான் சிரித்தேன். அம்மையார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அது காலமாகிவிட்ட அவர் கணவரின் குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

ரசிகர்களின் விவகாரம் எங்கும் இப்படித்தான். 1989-இல் நின்றதோடு தொடர் முடிந்தது என்று ஒரு கட்சி. 2005-இல் மறுபடி வந்ததுதான் உயர்த்தி என்று ஒரு கட்சி. 1996 படத்தில் டாக்டரைப் பாதி மனிதராக்கியதை இன்னும் மன்னிக்காதவர்களும் உண்டு.

நான் ஊர் திரும்பிய பிறகும் டெலிபோனில் சண்டை தொடர்ந்தது. 2017 ஜூலையில், அடுத்த டாக்டர் ஜோடி விட்டேக்கர் என்ற பெண் என்று அறிவித்தார்கள். “பெண்ணா? முடியவே முடியாது” என்றேன். அவருக்கோ ஆனந்தம். வாக்குவாதம் முற்றி, “நீங்கள் இந்தத் தொடரை நேசித்ததே இல்லை” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. டெலிபோனை வைத்துவிட்டார். இரண்டு வருஷம் பேச்சே இல்லை.

பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு குறுந்தகடு வந்தது. கடிதம் இல்லை. போட்டுக் கேட்டேன். அதே கனத்த குரல்: “இந்த ஆள் டாக்டரே இல்லை!” உடனே, முன்பு என் சிரிப்பில் நான் தவறவிட்ட ஒரு சிறுவனின் குரல்: “உஸ்! பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அப்பா.”

அன்றே டெலிபோன் செய்தேன்.

பி.பி.ஸி. அந்தக் காலத்து அத்தியாயங்களில் பலவற்றை அழித்துவிட்டது. டேப் விலை அதிகம். பழசை யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம். 2013-இல் நைஜீரியாவில் ஒன்பது அகப்பட்ட பிறகும், இழந்தவை 97 என்று கணக்கிட்டார்கள். ஆனால் அத்தனைக்கும் ஒலி மட்டும் பிழைத்திருக்கிறது; அன்று டெலிவிஷன் முன்னால் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்த ரசிகர்களின் உபயம். அப்படிப் பிழைத்த ஒலிக்குச் சித்திரம் சேர்த்துத்தான், ட்ரௌட்டனின் முதல் கதையை 2016-இல் மறுபடி வெளியிட்டார்கள்.

ஜோடி விட்டேக்கர் கதைகள் எல்லாமே பிடித்தன என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டாம் பேக்கர்தான் டாக்டர், அதில் மாற்றமில்லை. சனிக்கிழமைதோறும் டெலிபோனில் அதைச் சொல்கிறேன். அவரும் தவறாமல் மறுக்கிறார்.