இரவுக் கணக்கு

வாப்பாவுக்கு புரஸ்டேட் சத்திரசிகிச்சை கொழும்பில் லேசர் மூலம் நடந்தது. வெளியில் வெட்டுக்காயம் இல்லை. மூன்றாம் நாள் சலக்குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எல்லாம் சரியென்றுதான் நினைத்தோம். ஊருக்கு வரும் வழியில் வேனை எட்டுத் தடவை நிறுத்தியபோது பாதி விளங்கியது. மீதி இரவில் விளங்கியது.

எங்கள் கிழக்கு மாகாண வழக்கப்படி உம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. வாப்பா இருப்பதும் அங்கேதான். மருமகன் படுத்திருக்கும் வீட்டில் இரவெல்லாம் கதவு திறப்பது அவருக்குக் கூச்சம். நான் துணைக்குப் படுத்தேன். கண்ணயர்ந்து ஒரு மணித்தியாலம் ஆகாது, "மகன், லைற்றப் போடு" என்பார். மலசலகூட வாசலை அடையுமுன் சாரன் நனைந்துவிடும். இத்தனை அவசரத்துக்கும் வருவது ஒரு சிரட்டைக்குக் காணாது.

இடாப்புப் போட்டுப் பழகிய கை. பழைய கொப்பியொன்றில் நேரங்களைக் குறித்தேன். முதலிரவு ஒன்பது தடவை.

நாலாம் இரவு விழித்தபோது பாயில் வாப்பா இல்லை. கிணற்றடி இருட்டில் வாளியால் அள்ளி அள்ளிச் சாரனைக் கழுவிக்கொண்டிருந்தார். பாரம் தூக்கக் கூடாதென்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். விடியும்போது சலம் சிவப்பாகப் போனது.

"என்னை எழுப்பியிருக்கலாமே வாப்பா?"

"ஒன்ட மச்சான் எழும்ப முந்திக் கழுவிரலாமெண்டு பார்த்தன்."

"சின்னதில நான் பாயை நனைக்க நீங்கதானே ஆருக்கும் தெரியாமக் கழுவின?"

"நீ அப்ப புள்ள. நான் பேரப்புள்ள கண்ட மனிசன்."

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "நாலு நாளாத் தொழல்ல மகன். நஜீசோட எப்பிடித் தொழுற?"

சுபஹுக்கு முதல் ஸஃப்பில் நிற்பவர். அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது சலப்பை மட்டுமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலையில் டொக்டரிடம் போனில் கேட்டேன். "கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ, சலம் அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதுவரை ஓய்வெடுக்கட்டும்" என்றார். அடைபட்ட வழியை வருடக்கணக்காகத் தள்ளித் தள்ளிச் சலப்பைத் தசை தடித்திருக்குமாம். அடைப்பு நீங்கிய பிறகும் சொற்பம் சேர்ந்ததுமே அது சுருங்குமாம். உள்ளே ஆறாத புண் வேறு. ஆறுவதற்குச் சில கிழமைகள், சிலருக்கு மூன்று மாதமும் செல்லுமாம். வாப்பா பயத்தில் தண்ணீரையே குறைத்திருந்தார். அது பிழை, கடுத்த சலம் இன்னும் எரித்து அவசரப்படுத்தும். பகலில் தாராளமாகக் குடித்து, மஃரிபுக்குப் பின் குறைக்க வேண்டும். தேநீர், கோப்பி இரவில் வேண்டாம்.

கொப்பியோடு மௌலவியிடம் போனேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒழுக்கு ஓயாதவர் நேரம் வந்த பின் கழுவி, துணி மாற்றி, வுழூச் செய்து உடனே தொழ வேண்டும். இவருக்குத்தான் இடைவெளி இருக்கிறதே. போய்விட்டு வந்து, கழுவி, அந்த இடைவெளியில் வீட்டிலேயே தொழட்டும். அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ். ஜமாஅத்துக்கு வராதிருக்க நோயே போதுமான காரணம். விட்டதைக் கழாச் செய்யட்டும்" என்றார்.

வந்து சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்தார். அன்று ளுஹரைக் கதிரையில் இருந்து தொழுதார். இரவில் இரண்டு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்கினார்.

மூன்றாம் கிழமை ஐந்து தடவையானது. ஆறாம் கிழமை இரண்டு. இப்போது சுபஹுக்குப் பள்ளிக்குப் போகிறார். கடைசி ஸஃப்பில் கதவோரம் நிற்கிறார்.

நான் என் வீட்டில் படுக்கிறேன். கொப்பி தங்கச்சி வீட்டில் இருக்கிறது. நேற்றுத் திறந்து பார்த்தேன். "2.40" என்று ஒரேயொரு நேரம், மச்சானின் எழுத்தில்.